கழுத்தின் முன்புறத் தசைகளைக் காட்டும் கழற்றி மாட்டும் மாதிரி: ஸ்டெர்னோதைராய்டு தசையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கீழ்த்தாடையின் விளிம்பிலிருந்து முதல் இரண்டு விலா எலும்புகள் வரையிலான பகுதியை இயல்பான அளவில் காட்டுகிற, தசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பொருத்தக்கூடிய நெகிழி மாதிரி ஒன்றைப் பேச்சுச் சிகிச்சை, இயன்முறை மருத்துவம், செவிலியர் படிப்பு ஆகிய மூன்று பிரிவு மாணவர்களுக்கும் பாடம் நடத்தப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே வகை வார்ப்பு பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதைவிட அந்த வார்ப்பு எதைச் சரியாகக் காட்டுகிறது, எதைத் தவறவிடுகிறது என்று சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். கழுத்து மாதிரிகளைப் பற்றிய விவரக் குறிப்புகள் பெரும்பாலும் எத்தனை பகுதிகள், எத்தனை எண்கள், எத்தனை வண்ணங்கள் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. நான் இந்த மாதிரியை ஒரே ஒரு தசையை வைத்து அளக்க விரும்புகிறேன். அது மார்பெலும்பிலிருந்து குரல்வளைக்கு ஏறும் ஸ்டெர்னோதைராய்டு.

அந்தத் தசையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கழுத்தைத் திருப்பும்போது காதின் பின்னிருந்து மார்பு வரை தடித்து எழும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசையை எந்த மாதிரியும் தவறாகக் காட்டிவிட முடியாது. அது தோலுக்கு அடியிலேயே தெரிகிறது, விரலால் பற்றவும் முடிகிறது. ஸ்டெர்னோதைராய்டு அப்படியன்று. அது மெல்லிய பட்டைபோல் இன்னொரு தசையின் அடியில் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து தனியாகத் தொட்டறிய இயலாது. படத்தில் பார்த்தாலும் மேலிருக்கும் தசையின் நிழலாகவே தோன்றும். ஆனால் விழுங்குதல், குரல், தைராய்டு சுரப்பியின் வளர்ச்சி, அறுவை மருத்துவரின் வழித்தடம் என்று கழுத்தின் முன்புறத்தில் முக்கியமான எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. கண்ணுக்கு எளிதில் அகப்படாத இந்தத் தசையைச் சரியாகக் காட்டும் மாதிரி மற்றவற்றையும் பெரும்பாலும் சரியாகவே காட்டும் என்பது என் எண்ணம்.

முதலில் உடலில் அது எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாவின் அடியில் இருக்கும் நாவடி எலும்புக்கு (ஹையாய்டு) கீழே, நடுக்கோட்டின் இருபுறமும், பக்கத்துக்கு நான்காகப் பட்டைத் தசைகள் உள்ளன. மேலடுக்கில் ஸ்டெர்னோஹையாய்டும் ஓமோஹையாய்டும் இருக்கின்றன. கீழடுக்கில் ஸ்டெர்னோதைராய்டும், அதன் தொடர்ச்சிபோல் மேலே செல்லும் தைரோஹையாய்டும் இருக்கின்றன. ஸ்டெர்னோதைராய்டு, மார்பெலும்பின் மேற்பகுதியின் பின்பக்கத்திலிருந்தும் முதல் விலா எலும்பின் குருத்தெலும்பிலிருந்தும் புறப்படுகிறது. அதாவது ஸ்டெர்னோஹையாய்டு தொடங்கும் இடத்துக்கும் சற்றுக் கீழே, மார்புக்கூட்டின் உட்புறத்தில் அதன் வேர் இருக்கிறது. அங்கிருந்து மேலேறி, தைராய்டு சுரப்பியின் பக்க மடலுக்கு முன்னால் படிந்து சென்று, குரல்வளையின் முன்சுவராக நிற்கும் தைராய்டு குருத்தெலும்பின் பக்கத் தகட்டில் சாய்வாக ஓடும் ஒரு வரம்பில் முடிகிறது. அதே சாய்கோட்டிலிருந்துதான் தைரோஹையாய்டு புறப்பட்டு நாவடி எலும்புக்குச் செல்கிறது. ஸ்டெர்னோஹையாய்டைவிட இது குட்டையானது, அகலமானது, ஆழத்தில் இருப்பது. இந்த மூன்று பண்புகளும், இரண்டு முனைகளும், நடுவில் அது எதன்மீது படிந்திருக்கிறது என்பதும் தெளிவாக விளங்கினால், அதன் செயல் என்ன என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது.

மாதிரியின் வலப்பக்கம் இந்த அடுக்குகளைக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டிருக்கிறது. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டைக் கழற்றியபின் ஸ்டெர்னோஹையாய்டு தனியாக வருகிறது. அதை எடுத்தால் அடியில் ஸ்டெர்னோதைராய்டு முழு அகலத்தோடு தெரிகிறது. அதையும் எடுத்தால் தைராய்டு சுரப்பியின் மடல், அதற்கு வெளியே பொதுக் கழுத்துத் தமனி, அதற்கும் வெளியே உட்கழுத்துச் சிரை என்று ஒழுங்காகக் காட்சி விரிகிறது. இந்த வரிசை உடலில் இருப்பதற்குப் பெரும்பாலும் உண்மையாக இருக்கிறது. மலிவான மாதிரிகள் பலவற்றில் நான்கு பட்டைத் தசைகளும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டு, மேலே வரைந்த கோடுகளால் மட்டும் பிரித்துக் காட்டப்படுகின்றன. அப்படிப்பட்ட மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவர், இந்தத் தசைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் நான்கு நாடாக்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு அடுக்குகள் என்று ஒருபோதும் நினைக்கமாட்டார். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, இது அவற்றைவிடப் பல மடங்கு மேலானது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

தசையின் கீழ்முனையையும் இதைச் செய்தவர்கள் அக்கறையோடு கவனித்திருக்கிறார்கள். மார்பெலும்பின் மேற்பகுதியை முன்னோக்கிச் சாய்த்துத் திறக்கலாம். திறந்தால் அதன் பின்பக்கத்தில் மேலே ஸ்டெர்னோஹையாய்டுக்கும் கீழே ஸ்டெர்னோதைராய்டுக்கும் தனித்தனிப் பற்றிடங்கள் வேறு வேறு வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தசைகள் எலும்பின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பதாகவே எண்ணிப் பழகிய மாணவர்களுக்கு இந்தத் திறப்பு ஒன்றே போதும். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மேல்முனையில்தான் என் பெரிய குறை இருக்கிறது. தைராய்டு குருத்தெலும்பின் தகட்டில் சாய்கோடு மெல்லிய மேடாக வார்க்கப்பட்டிருக்கிறது, அதுவரையில் சரி. ஆனால் ஸ்டெர்னோதைராய்டைப் பிடித்து வைக்கும் மேற்காந்தம் அந்த மேட்டில் பதிக்கப்படாமல், அதற்குக் கீழே, தைராய்டு சுரப்பியின் மடலுக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. தசையின் நுனி சாய்கோட்டைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடுகிறது. இதனால் மாதிரியைப் பார்க்கும் எவருக்கும், மார்பிலிருந்து வரும் தசை சுரப்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்ற எண்ணம்தான் உண்டாகும். அந்த எண்ணம் முற்றிலும் தவறு. தசை சுரப்பியை மூடிக்கொண்டு செல்கிறதே தவிர, சுரப்பியைப் பற்றிக்கொள்வதில்லை. அது பற்றுவது சுரப்பிக்கு மேலே இருக்கும் குருத்தெலும்பை. சுரப்பியின் பெயரும் குருத்தெலும்பின் பெயரும் ஒன்றாக இருப்பதால் ஏற்கெனவே குழம்பி நிற்கும் மாணவருக்கு இந்தக் காந்தம் அந்தக் குழப்பத்தை உறுதிப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், அந்தச் சாய்கோட்டுப் பற்றின்மீதுதான் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஓர் உண்மை நிற்கிறது. ஸ்டெர்னோதைராய்டு தசை, தைராய்டு சுரப்பியின் மேல்முனைக்கு மேலே குருத்தெலும்பில் இறுகப் பதிந்திருப்பதால், சுரப்பி வீங்கிக் கழலையாகும்போது அது மேல்நோக்கி வளர இடம் கிடைப்பதில்லை. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் அது விரியலாம். கீழ்நோக்கி இறங்கவும் தடை குறைவு. ஆகவேதான் சில முன்கழுத்துக் கழலைகள் மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கி, அந்தக் குறுகிய வாயிலில் மூச்சுக்குழாயையும் சிரைகளையும் அழுத்துகின்றன. நோயாளி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தும்போது முகம் சிவந்து மூச்சு இறுகுவதைப் பார்த்து மருத்துவர் ஐயுறுவது இந்த நிலையைத்தான். தசையின் மேல்முனை எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரியாதவருக்கு, கழலை ஏன் மேலே போகாமல் கீழே போகிறது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது. சாய்கோட்டில் ஒரு சிறு காந்தத்தைப் பதிப்பதற்கு உற்பத்தியாளருக்குக் கூடுதல் செலவு பெரிதாக ஆகியிருக்காது. அவர்கள் இதைத் திருத்த வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

செயலைக் காட்டுவதில் இந்த மாதிரி எவ்வளவு உதவுகிறது என்பது அடுத்த கேள்வி. விழுங்கும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். கீழ்த்தாடையிலிருந்து வரும் தசைகள் நாவடி எலும்பை மேலும் முன்னும் இழுக்கின்றன. தைரோஹையாய்டு குரல்வளையை நாவடி எலும்பை நோக்கி உயர்த்துகிறது. குரல்வளை மூடி பின்னோக்கிச் சாய்கிறது. குரல் நாண்கள் நெருங்கி மூடிக்கொள்கின்றன. உணவுக்குழாயின் மேல்வாயில் தளர்ந்து திறக்கிறது. ஏறத்தாழ ஒரு நொடிக்குள் இவ்வளவும் முடிந்து உணவுக்கவளம் கடந்துபோனபின், மேலே போன குரல்வளையைப் பழைய இடத்துக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். நீண்டுவிட்ட மூச்சுக்குழாய் தன் மீள்தன்மையால் ஓரளவு இழுக்கிறது. மீதியைப் பட்டைத் தசைகள் செய்கின்றன. அவற்றுள் குரல்வளையையே நேராகப் பிடித்துக் கீழே இழுப்பது ஸ்டெர்னோதைராய்டுதான். ஸ்டெர்னோஹையாய்டும் ஓமோஹையாய்டும் நாவடி எலும்பைத்தான் இழுக்கின்றன. குரல்வளை அதன் பின்னால் வருகிறது.

நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் மூட்டு கொள்ளாதது. மேலிருந்து தொங்கவிட்டுக் கீழிருந்தும் கட்டிவைத்த ஊஞ்சல்போல, குரல்வளையும் நாவடி எலும்பும் மேல் தசைகளுக்கும் கீழ்த் தசைகளுக்கும் நடுவில் மிதக்கின்றன. கீழ்க்கட்டு இல்லாவிட்டால் மேல்கட்டின் இழுப்புக்கும் பயன் குறையும். வாயைத் திறக்கும்போது பட்டைத் தசைகள் நாவடி எலும்பைக் கீழே நிலைப்படுத்திக்கொள்வதால்தான், அதிலிருந்து தாடைக்குப் போகும் தசைகள் எலும்பை மேலே தூக்கிவிடாமல் தாடையைக் கீழே இறக்க முடிகிறது. இந்த இரண்டாவது பணியைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. ஆனால் பேச்சுச் சிகிச்சை பயிலும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரியில் நாவடி எலும்பும் குரல்வளையும் ஓர் உலோகத் தண்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. கழற்றலாம், ஆனால் மேலும் கீழும் நகர்த்த முடியாது. ஆகவே, விழுங்கும் அசைவைக் காட்ட நினைப்பவர் ஏமாற்றம் அடைவார். உயிருள்ள கழுத்தில் குரல்வளை இரண்டு சென்டிமீட்டருக்கும் மேலாக உயர்ந்து இறங்குகிறது. அந்த உயர்வை ஓர் உலோகத் தண்டு மறைத்துவிடுவது வருத்தத்துக்குரியது. நான் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்கிறேன். வலப்பக்க ஸ்டெர்னோதைராய்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அகலமான ஒரு மீள்பட்டையை மார்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து சாய்கோடு வரை மெழுகால் ஒட்டி, தண்டின் திருகைத் தளர்த்தி, குரல்வளையைக் கையால் மேலே தூக்கிக் காட்டுகிறேன். பட்டை இழுபட்டு, கையை விட்டதும் குரல்வளை கீழே வந்து நிற்கிறது. காந்தம் சுரப்பியில் இருக்கும் குறையும் இந்த ஏற்பாட்டில் மறைந்துவிடுகிறது. பிறகு மாணவர்கள் தங்கள் தொண்டையின் முன்மேட்டில் இரண்டு விரல்களை மெதுவாக வைத்து எச்சிலை விழுங்கிப் பார்க்கும்போது, விரலுக்கு அடியில் ஏறி இறங்குவது எது, அதை இறக்குவது எது என்பது அவர்களுக்குப் புரிகிறது. அவ்வாறு செய்யும்போது பக்கவாட்டில் தமனி துடிக்கும் இடத்தை அழுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையையும் தவறாமல் சொல்ல வேண்டும்.

தைராய்டு சுரப்பியும் விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அது மூச்சுக்குழாயோடும் குரல்வளையின் அடிவளையமான கிரிகாய்டு குருத்தெலும்போடும் உறுதியான இழைகளால் கட்டப்பட்டிருக்கிறது, தசையால் அன்று. கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தால் நோயாளியை ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லி மருத்துவர் பார்ப்பது இதனால்தான். மாதிரியில் இந்தக் கட்டு செதுக்கப்படவில்லை. சுரப்பி ஒரு செருகியால் மூச்சுக்குழாயில் நிற்கிறது. இந்த விடுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குரலைப் பற்றிச் சொல்லும்போது சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாழ்ந்த சுருதிக்கு இறங்கும்போது குரல்வளை கீழே வருவதற்கு ஸ்டெர்னோதைராய்டு உதவுகிறது என்று நூல்கள் சொல்வது உண்மைதான். ஆயினும் சுருதியை முதன்மையாக ஆள்பவை குரல்வளையின் உள்தசைகளும், குரல் நாண்களை இழுத்து நீட்டும் கிரிகோதைராய்டும்தான். பாட்டுப் பயிற்றுநர்கள் சிலர் இந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, மேல் சுருதிக்கு ஒரு தசை, கீழ் சுருதிக்கு ஒரு தசை என்று நேராகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதுண்டு. குரல் அப்படி இயங்குவதில்லை. பட்டைத் தசைகள் குரல்வளையை நிலைப்படுத்தும் பணியையும் செய்கின்றன. மாதிரியோடு வரும் கையேடு இதைப் பற்றி ஒரே வாக்கியத்தில் "குரல்வளையைத் தாழ்த்தும்" என்று முடித்துக்கொள்கிறது. தவறில்லை; போதவில்லை.

ஸ்டெர்னோதைராய்டைக் கழற்றினால் அதன் மேல்முனைக்கு அடியில் என்ன தெரிய வேண்டும் என்பதில் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. உடலில் அந்த இடத்தில், மேல் தைராய்டு தமனிக்கு நெருக்கமாக, மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை இறங்கி வந்து கிரிகோதைராய்டு தசையை அடைகிறது. அறுவையின்போது சுரப்பியின் மேல்முனையில் தமனியைக் கட்டும்போது இந்தக் கிளை அகப்பட்டுவிட்டால் பேச்சு நின்றுவிடாது. ஆனால் உயர்ந்த சுருதி எட்டாது, குரல் விரைவில் களைத்துவிடும். பாடகர்களுக்கு அது தொழிலையே பறிக்கும் இழப்பு. 1935-இல் கழலை அறுவை செய்துகொண்ட இத்தாலிய இசைநாடகப் பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சியின் குரல் இறங்கியதற்கு இந்த நரம்பின் காயமே காரணம் என்று மருத்துவ வகுப்புகளில் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பின்னாளில் அதை ஆராய்ந்தவர்கள் அந்தக் காரணத்தை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். அவர் விஷயத்தில் எது உண்மையாக இருந்தாலும், நரம்பு அங்கே இருக்கிறது என்பதும் காக்கப்பட வேண்டியது என்பதும் மாறாத உண்மைகள். மாதிரியில் மேல் தைராய்டு தமனி சிவப்பாக அழகாக வளைந்து வருகிறது. அதன் துணையான நரம்பு இல்லவே இல்லை. சுரப்பிக்குப் பின்னால் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஏறி, குரல் நாண்களை இயக்கும் மீள்குரல்வளை நரம்பை மட்டும் இரு பக்கமும் காட்டியிருக்கிறார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டதால், காட்டப்பட்டது ஒன்றே நரம்பு என்று மாணவர் நினைக்க இடமாகிறது.

தசைக்கு உயிர் கொடுக்கும் நரம்பும் அரைகுறையாகவே இருக்கிறது. கழுத்தின் முதல் மூன்று தண்டுவட நரம்புகளின் இழைகள் கூடி, கழுத்துத் தமனி உறையின் முன்பக்கத்தில் ஒரு வளையமாகத் தொங்கும் ஆன்சா செர்விகாலிஸிலிருந்துதான் ஸ்டெர்னோதைராய்டு, ஸ்டெர்னோஹையாய்டு, ஓமோஹையாய்டு மூன்றும் கிளைகள் பெறுகின்றன. தைரோஹையாய்டு மட்டும் முதல் கழுத்து நரம்பின் இழைகளை நாவடி நரம்போடு சேர்ந்து வரும் தனிக் கிளையாகப் பெறுகிறது. மாதிரியில் உட்கழுத்துச் சிரையின்மீது ஒரு மஞ்சள் வளையம் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அதிலிருந்து எந்தத் தசைக்கும் கிளை போகவில்லை. கிளைகள் எங்கே நுழைகின்றன என்பது வெறும் அலங்காரத் தகவல் அன்று. பெரிய கழலையை எடுக்க அறுவை மருத்துவர் பட்டைத் தசைகளைக் குறுக்கே வெட்ட நேர்ந்தால், நரம்பு தசையின் கீழ்ப்பகுதியில் நுழைவதைக் கருதி, மேல்பகுதியில் வெட்டுவதே மரபு. பிறகு தைத்துவிட்டால் தசை மீண்டும் இயங்கும். ஒருபக்கக் குரல் நாண் செயலிழந்தவர்களுக்கு இந்த வளையத்தின் கிளையை எடுத்து மீள்குரல்வளை நரம்போடு இணைக்கும் அறுவையும் நடைமுறையில் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு, இதே கிளையை மின்துடிப்பால் தூண்டி ஸ்டெர்னோதைராய்டைச் சுருங்கவைத்து, குரல்வளையைக் கீழே இழுப்பதன் வழியாகத் தொண்டைச் சுவரை விறைப்பாக்கித் திறந்துவைக்க முடியுமா என்று அண்மை ஆண்டுகளில் ஆய்வுகளும் நடக்கின்றன. இவ்வளவு பொருள் பொதிந்த ஒரு நரம்பை ஒரு மஞ்சள் கோட்டோடு முடித்துவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

குறைகளை இவ்வளவு சொன்னபின், மாதிரி மிகச் சிறப்பாகச் செய்திருக்கும் ஒன்றையும் மனநிறைவோடு சொல்ல வேண்டும். இரண்டு ஸ்டெர்னோஹையாய்டு தசைகளும் கீழே ஒன்றையொன்று விட்டு விலகி நின்று, மேலே போகப்போக நடுக்கோட்டில் நெருங்குகின்றன. ஸ்டெர்னோதைராய்டுகள் இதற்கு நேர்மாறாகக் கீழே நெருங்கி நின்று மேலே விலகுகின்றன. இந்த எதிரெதிர்ச் சாய்வுகளால் நடுக்கோட்டில் வைர வடிவத்தில் ஓர் இடைவெளி உண்டாகிறது; அங்கே மூச்சுக்குழாய்க்கு முன்னால் தசை இல்லை, தோலும் திசுப்படலங்களும்தான் உள்ளன. மூச்சுக்குழாயைத் திறக்க நேரும் மருத்துவர் நடுக்கோட்டை விட்டு விலகாமல் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். நான் பார்த்த வண்ணப் படங்கள் பலவற்றில் நான்கு தசைகளும் செங்குத்தாக, இணைகோடுகளாகவே வரையப்பட்டிருக்கின்றன. இந்த மாதிரியிலோ அந்த வைரம் தெளிவாகத் தெரிகிறது; அதன் கீழ்ப்பாதியில் தைராய்டு சிரைகள் இறங்குவதும், மேற்பாதியில் மூச்சுக்குழாயின் இரண்டாவது முதல் நான்காவது வளையம் வரை சுரப்பியின் இடைப்பாலம் குறுக்கே கிடப்பதும் காட்டப்பட்டிருக்கின்றன. வார்ப்பை வடிவமைத்தவர் உடலை நேரில் பார்த்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்றத் தசைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டின் இரண்டு தலைகளும், மார்பெலும்பிலும் காறை எலும்பிலும், சரியாகப் பிரிந்து நிற்கின்றன. ஓமோஹையாய்டின் இரண்டு வயிறுகளும் (தடித்த தசைப்பகுதிகளும்) நடுத் தசைநாணும் உள்ளன. ஆனால் அந்தத் தசைநாணைக் காறை எலும்போடு பிணைத்து வளைவைக் காக்கும் திசுப்படலக் கண்ணி விடுபட்டிருக்கிறது. அது இல்லாமல் தசை ஏன் நேராகச் செல்லாமல் வளைந்து செல்கிறது என்பது புதிராகவே நிற்கும். தோலடியில் விரியும் பிளாட்டிஸ்மா இல்லை; இத்தகைய மாதிரியில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. முதுகெலும்பின் முன்பக்கத்தில் படிந்திருக்கும் லாங்கஸ் கோலை என்ற தசை வண்ணம் தீட்டி மட்டுமே காட்டப்பட்டிருக்கிறது. கழுத்துவலிக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மாணவர்கள் அதைத் தேடி வந்தால் வேறு மாதிரியைத்தான் நாட வேண்டும்.

பொருளின் தரம் நன்று. நெகிழி கடினமாகவும் பளபளப்பின்றியும் இருப்பதால் விளக்கொளியில் கண் கூசவில்லை. தசையிழைகள் ஓடும் திசை மேற்பரப்பில் செதுக்கப்பட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டெர்னோதைராய்டின் இழைகள் ஏறத்தாழச் செங்குத்தாக ஓடுவதை விரலால் தடவியே அறியலாம். காந்தங்கள் வலுவானவை, ஆனால் வலப்பக்க ஸ்டெர்னோதைராய்டும் ஸ்டெர்னோஹையாய்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்துவிடும் இயல்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கீழ்த்தசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்தசையை எடுக்க வேண்டும். வண்ணம் உரிவதில்லை, ஈரத்துணியால் துடைத்தாலே போதும், சாராயம் கலந்த திரவங்களைத் தொடக்கூடாது. எண்கள் மிகச் சிறியவை. பின்வரிசையில் இருப்பவருக்கு அவற்றால் பயனில்லை.

உடலைப் பிரித்துக் காட்டும் மாதிரிகளுக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1775-இல் புளோரன்ஸ் நகரில் திறக்கப்பட்ட லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தின் மெழுகு உடல்கள் இன்றும் பார்ப்பவரை மலைக்கவைக்கின்றன. அவை கையால் தொடுவதற்கானவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் லூயி ஓசூ காகிதக்கூழால் செய்த, பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய உடல்களே மாணவர்களின் கைகளுக்கு உடற்கூற்றைக் கொண்டு சேர்த்தன. கழற்றுவது வெறும் வசதிக்காக அன்று, அடுக்குகளின் ஒழுங்கைக் கை உணர வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கத்தை இன்றைய நெகிழி மாதிரிகளிலும் எதிர்பார்ப்பது தவறில்லை. திரையில் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணச் செயலிகள் நரம்புகளைக் காட்டுவதில் இந்த மாதிரியைவிட மிகச் சிறந்தவை, அசைவையும் காட்டுகின்றன. ஆனால் ஒரு தசையைத் திரையில் தொட்டு மறையச் செய்யும்போது, அது எதன்மீது படிந்திருந்தது, எவ்வளவு மெல்லியது, அதை எடுக்க எதை முதலில் எடுக்க வேண்டியிருந்தது என்பவை மனத்தில் தங்குவதில்லை. பதப்படுத்திய உடலைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு இரண்டுமே இரண்டாம் நிலைதான். அங்கே ஸ்டெர்னோதைராய்டின் மென்மையும், திசுப்படலத்தைக் கிழிக்காமல் அதைத் தனியாக்குவதன் அருமையும் ஒரு முறையிலேயே விளங்கிவிடும்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், விழுங்குதலையும் குரலையும் கற்பிக்கும் பேச்சுச் சிகிச்சை ஆசிரியர்களுக்கும், மூச்சுக்குழாய்த் திறப்பு உள்ள நோயாளிகளைப் பராமரிக்கப் பயிலும் செவிலியர் வகுப்புகளுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இது போதும். தைராய்டு அறுவை பயிலும் மேற்படிப்பு மாணவர்களுக்கு நரம்புகள் விடுபட்டிருப்பதால் இது போதாது. அவர்கள் வாங்க வேண்டாம். குரல்வளை அசைவதைக் காட்டுவதே முதன்மைத் தேவை என்றால், குருத்தெலும்புகள் மட்டும் கொண்ட, அசையும் குரல்வளை மாதிரியைத் தனியாக வாங்கி இதனோடு வைத்துக் காட்டுவது நல்லது.

இதைப்போன்ற வேறு வார்ப்பு எதையேனும் வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் மூன்று படங்களைக் கேட்டுப் பெறுங்கள். ஸ்டெர்னோஹையாய்டை மட்டும் எடுத்துவிட்டு முன்னிருந்து எடுத்த படம் ஒன்று; அதில் ஸ்டெர்னோதைராய்டு அதைவிட அகலமாகத் தெரிய வேண்டும். மார்பெலும்பின் பின்பக்கப் படம் ஒன்று. அதில் இரண்டு பற்றிடங்கள் மேலும் கீழுமாக இருக்க வேண்டும். தைராய்டு குருத்தெலும்பின் பக்கத்தகட்டை அருகில் காட்டும் படம் ஒன்று. அதில் சாய்கோடும், ஒரே கோட்டில் கீழிருந்து ஸ்டெர்னோதைராய்டும் மேலிருந்து தைரோஹையாய்டும் வந்து சந்திப்பதும் தெரிய வேண்டும். மூன்றாவது படத்தில் தசை சுரப்பியோடு நின்றுவிட்டால், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விற்பவரிடம் அதைச் சுட்டிக்காட்டித் திருத்திய வார்ப்பு உண்டா என்று கேட்டபின்பே பணம் கொடுங்கள்.